மெக்சிக்கோக்காரியின் நாளுக்கு எங்கள் சனம் வந்த விதம்

எனக்கு மேல்மாடியில் ஒரு மெக்சிக்கோக்காரி இருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே கந்தோர்களில் தரையும் மேசையும் துடைத்தே வயது போனவர்கள். எனக்குப் படிப்புக் குறைவு, பிரெஞ்சும் அந்தளவுதான். ஆனால் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

ஸ்பானிய மொழி பேசும் தன் சனத்துக்கென்று வருசத்தில் ஒரு நாளை நகரசபை அறிவிக்க வேண்டுமென்று அவள் அலையாத அலைச்சல் இல்லை. கடைசியில் அங்குள்ள உறுப்பினர் அம்மா ஒருத்தி, "ஒருமுறை செய்து காட்டுங்கள். இந்தப் பகுதி ஆட்கள் விரும்பி வந்தால் வருசாவருசம் அது உங்கள் நாள்" என்றாளாம்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் பகுதி ஆட்கள் என்றால் நாங்கள்தானே. மண்டபத்தை நிரப்புவது என் பொறுப்பு என்றேன். கடை கடையாக ஏறி இறங்கினேன். சனமும் வந்தது.

வாசலில்தான் பிசகியது. செத்தவர்களைக் கொண்டாடுவதுதான் அவர்கள் ஊரில் பெரிய திருநாளாம். நான் அடுப்படியில் நின்ற நேரம் அவள் தன் தாய், தகப்பன், புருசன் படங்களை வாசலோரம் அடுக்கி, மெழுகுதிரி கொளுத்தி, செவ்வந்திப் பூவைக் குவித்துவிட்டாள். படங்களைக் கண்டதும் எங்கள் சனத்தின் பேச்சு நின்றது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் போய் அவள் கையைப் பிடித்தார்கள். அவளோ கட்டிப்பிடித்துச் சிரித்தாள்.

"பாவம், தாங்கேலாமல் சிரிக்கிறா" என்றாள் மரக்கறிக் கடைக்காரி.

"பிள்ளை, இது செத்தவீடில்லை, கொண்டாட்டம். இருந்து சாப்பிடுங்கோ."

"சும்மா இருங்கோ அக்கா. படத்துக்குப் பூ வைச்சுக் கிடக்கு. ஆர், புருசனோ?"

"அவர் செத்து எத்தினை வருசம்!"

"அப்ப திவசமோ? திவசத்துக்குக் கோழியோ? என்ன சனமப்பா!"

சோளமாவுக்குள் கோழி வைத்து அவித்ததை ஒருவரும் தொடவில்லை. செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவது எங்களிடம் இல்லை. ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் நழுவினார்கள். எவரிடமும் கெஞ்சிப் பழகாத நான் படியில் நின்று, "அஞ்சு நிமிசம் இருங்கோ, உங்களைக் கும்பிட்டன்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் நகரசபை அம்மா படியேறி வந்தாள். இறங்கிப் போகிற வாடிய முகங்களைத்தான் அவள் கண்டாள்.

"என் சாப்பாட்டில் என்ன பிழை?" என்று மெக்சிக்கோக்காரி என் தோளை உலுப்பினாள். விளங்கப்படுத்தப் பிரெஞ்சு வரவில்லை. ஒரு தட்டை எடுத்து அந்த அம்மாவின் முன்னால் நின்று சாப்பிட்டேன். "நல்லது, மிக நல்லது" என்றேன்.

நகரசபை அம்மா மரியாதையாகத் தலையாட்டினாள். "இங்குள்ளவர்களுக்கு இதில் விருப்பமில்லைப் போல. மன்னியுங்கள், இந்த நாளை அறிவிக்க நான் கேட்கமாட்டேன்" என்று கோட்டின் பொத்தானைப் போட்டாள்.

நான் பின்னாலேயே படியில் இறங்கிக் கத்தினேன், தமிழில்: "நில்லுங்கோ! அவை விருப்பமில்லாமல் போகேல்லை, மரியாதையிலதான் போனவை!"

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்து, கையசைத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள்.