தாய் வீட்டுக்கு வந்த குடுவைச் செடி

நட்டுவைத்த தண்டை, வேர் விட்டதா என்று இழுத்துப் பார்க்காமல் இருப்பதுதான் எங்கள் தொழிலில் பாதி வேலை. வீட்டில் ஒரு ரோஜாக் குச்சியாவது நட்டுவிட்டுத் தவித்திருந்தால், உங்களுக்கும் அந்தக் கை அரிப்பு தெரியும்.

பாசத்தில் போட்ட உரம்

இலங்கை மலையகத்து ஹாலிஎலவில் இருக்கும் எங்கள் நர்சரியில், பூச்சி தின்னும் குடுவைச் செடிக்குத் தாய்ச்செடி ஒன்றே ஒன்றுதான். அதற்கு உரம் ஆகாது. மழைத்தண்ணீரும் தேங்காய்த் தும்பும் போதும். தேயிலைக் கன்று வளர்த்துப் பழகிய செல்வி வேலைக்குப் புதிது. தேயிலைக்குப் போடுகிற மாதிரியே ஒரு பிடி போட்டுவிட்டாள். வேர் கருகிவிட்டது.

தப்பிய கொடியைத் துண்டுகளாக வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, தும்பில் நட்டு, பொலித்தீன் பையால் மூடினோம். ஒன்றாவது வேர் விடாவிட்டால் செல்வியை நிறுத்திவிடுவேன் என்றார் முதலாளி. அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "மெலிஞ்சு நின்னுச்சுக்கா. பட்டினி போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

காப்புக் காலத்து விருந்தாளி

முருகா, முருகா என்றுதான் தினமும் பார்ப்பேன். ஒவ்வொரு துண்டாகக் கறுத்து, கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த நேரம் பார்த்து, முன்பு எங்களிடம் குடுவைச் செடி வாங்கிய தேயிலைத் தோட்டத்து லெட்சுமியக்கா அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். குடுவை வாயையெல்லாம் மஞ்சள் துணியால் கட்டியிருந்தார். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்றாம், லயத்து வீடுகளில் யாரும் கவுச்சி தொடுவதில்லையாம். "இது மட்டும் ஈயும் எறும்பும் தின்னுக்கிட்டு இருக்கு. தேர் முடியிற வரைக்கும் இங்க இருக்கட்டும்" என்றார்.

அது எங்கள் தாய்ச்செடியிலிருந்து வெட்டி வளர்த்த பிள்ளைதான். கொடி நன்றாக நீண்டிருந்தது. செல்வியின் கதையைச் சொல்லி, ஒரு துண்டு வெட்டிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். லெட்சுமியக்காவே கத்தியை எடுத்து என் கையில் கொடுத்தார்: "எப்பவும் தாய் வீட்டுலேருந்து தானே எடுத்துட்டுப் போறோம். இந்தத் தடவ பொண்ணு குடுத்துட்டுப் போகட்டும்."

கையைத் தட்டிய கதை

தேர் முடிந்தது. செடி லயத்துக்குத் திரும்பியது. நாங்கள் வெட்டி நட்ட துண்டோ அசையவே இல்லை. செல்வியின் கை பைப் பக்கம் போகும்போதெல்லாம் தட்டிவிடுவேன்.

அதுவரை பொறுப்பதாக முதலாளி சொல்லியிருந்த மழைக்காலமும் வந்துவிட்டது. ஒரு காலை, கணுவில் ஊசிமுனை மாதிரி ஒரு துளிர். முதலாளி குனிந்து பார்த்தார். செல்விக்கு அன்றைய வேலையாக அடுத்த பாத்தியைக் காட்டிவிட்டுப் போனார். நான் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு, கொழும்பில் வேலை செய்யும் மகனுக்குப் போன் எடுத்துச் சாப்பிட்டியா என்று கேட்டேன். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்: "என் கையத் தட்டுறீங்க. வளந்த பிள்ளைய மட்டும் காலையில ஒருக்கா, அந்தியில ஒருக்கா இழுத்துப் பாக்குறீங்களேக்கா."

அவள் சொன்னது சரிதான், ஆனால் வெளியிலிருந்தே துளிர் தெரிகிற பொலித்தீன் பை பிள்ளைகளுக்கு இல்லையே.