எல்சிக்காகக் காய்ச்சிய பியர்

இந்த நாட்டில் சனம் தங்கள் பியரைத் தாங்களே காய்ச்சிக்கொள்வதற்கென்று கடைகள் உண்டு என்றால் ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். அப்படியொரு கடையில் வேலைக்குச் சேரும்வரை நானும் நம்பவில்லை. வாடிக்கையாளர் வந்து பெரிய செப்புக் கிடாரத்தில் தானியக் கரைசலைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, நொதிக்கவைக்கும் ஈஸ்ற் தூவிவிட்டுப் போவார். நாங்கள் அதைப் பீப்பாவில் ஊற்றி, பெயரும் திகதியும் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவோம். இரண்டு கிழமை கழித்து வந்து போத்தல்களில் அடைத்துக்கொண்டு போவார். கிடாரங்களையும் போத்தல்களையும் கழுவுவது என் வேலை. நானும் கணவரும் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து, தெருவில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரில் போய்வருவேன். யாழ்ப்பாணத்திலிருந்த அம்மாவுக்கு, பழரசக் கொம்பனியில் வேலை என்று எழுதியிருந்தேன். ஒரு நாளும் மாதா கோயில் பூசை தவறவிடாதவ அவ. பியர்க் கடை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, மரங்கள் இலை கொட்டிக்கொண்டிருந்த காலத்தில், வால்டர் என்ற வயதான மனிதர் ஒரு பை நிறைய ஒரேஞ்ச் நிறத் தோடம்பழங்களுடன் வந்தார். அவர் முதலில் காய்ச்சிய கோதுமை பியர் சரிவரவில்லை. தோடம்பழத் தோல் போட்டும் மணமில்லை, வெறும் கசப்பு. "செஸ்ற் எடுக்க ஏதாவது இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு அது 'ரெஸ்ற்' என்று கேட்டது; கழிப்பறையை இங்கே ரெஸ்ற் றூம் என்பார்கள். கழிப்பறைக் கதவைக் காட்டினேன். அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துக்கொண்டே, செஸ்ற் என்றால் இதுதான் என்று பழத்தின் மேல்தோலை நகத்தால் சுரண்டிக் காட்டினார்.

சிரிப்பு அடங்கியதும் மனைவியைப் பற்றிச் சொன்னார். எல்சிக்குப் புற்றுநோய். மருந்து ஏறியதிலிருந்து எதைத் தின்றாலும் இரும்பைச் சப்புவது போலிருக்கிறதாம். தோடம்பழம் உரிக்கும்போது மட்டும் முகத்தை நிமிர்த்துகிறாவாம். கலியாணம் முடித்த கோடையில் இருவரும் குடித்த பியர் இது. "ஒரு மிடறு அவளுக்கு ருசித்தால் போதும்," என்றார்.

தோலை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வெள்ளைச் சதையோடு சேர்த்து ஒரு மணித்தியாலம் கொதிக்கவைத்திருக்கிறார். வெள்ளைதான் கசக்கும், கொதியில் மணமெல்லாம் ஆவியாய்ப் போய்விடும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றைக்கு இருவருமாக ஆறு பழங்களின் மேல்தோலை மட்டும் மெல்லிதாகத் துருவினோம். இடித்த மல்லியோடு அதை, அடுப்பை நிறுத்தியபிறகு போட்டு மூடினோம். மூடியைத் திறந்தபோது கடை முழுக்க மணந்தது. வால்டர் கழிப்பறைக் கதவைக் காட்டி, "செஸ்ற் றூம்!" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த நாட்களில் ஊர்ச் சனமெல்லாம் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் போயிருந்தது. கிழமைக்கணக்காக வீட்டிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. பியர் அடைப்பதற்கு முதல்நாள், கொழும்பு வழியாகச் சின்னண்ணையின் கடிதம் வந்தது. கொடிகாமத்தில் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில், காய்ச்சலில் அம்மா செத்துப்போனா. ஷெல்லடிக்குப் பயந்து அன்றைக்கே பின்வளவில் அடக்கம் செய்துவிட்டார்கள். திகதியும் எழுதியிருந்தார். மறுநாள் வேலைக்குப் போனதும் வால்டரின் பீப்பாவில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். அதே திகதி. நான் வாய்விட்டுச் சிரித்த நாள்.

பின்னேரம் வால்டர் வந்தார். எல்சி எப்படி என்று கேட்டேன். "ஷீ பாஸ்ட் ஒன் சண்டே," என்றார். பாஸ் என்றால் சோதனையில் தேறுவதுதான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சோதனை நல்லபடி முடிந்திருக்கிறது என்று நினைத்து, "வெரி குட்!" என்றேன். போத்தலோடு அவருடைய கை அப்படியே நின்றது. மெதுவாக, "டெட்" என்றார். அதன்பிறகு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. இருவரும் கடைசிப் போத்தல்வரை அடைத்தோம். போகும்போது அடக்கம் நடக்கும் இடத்தை எழுதித் தந்தார்.

"நீர் ஏனப்பா போறீர்? ஆரெண்டே தெரியாத சனம்," என்றார் என் கணவர்.

"அம்மான்ர செத்தவீட்டுக்கும் நான் போகேல்லை. இதுக்காவது போறன்."

அவர் றெக்ஸ்டேலில் வேலைக்குப் போகாமல் லீவு போட்டு என்னோடு வந்தார்.

ஸ்காபரோவில் ஒரு மயானம். பனி லேசாகத் தூவிக்கொண்டிருந்தது. யாரும் சத்தம் போட்டு அழவில்லை. பெட்டியை இறக்கும்போது எனக்கு மட்டும் அடக்க முடியவில்லை. "அம்மா" என்று தமிழில் கத்தியே விட்டேன். எல்சியின் மகள் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அம்மாவில் உங்களுக்கு அவ்வளவு அன்பா?" என்று கேட்டாள். அவளுடைய தாயின் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஓம் என்று தலையாட்டினேன்.

அடுத்த வருசம் சின்னண்ணை எழுதினார், அந்த வளவில் அம்மாவைப் புதைத்த இடத்தை இனி அடையாளம் காண ஏலாது என்று. கல்லறைத் திருநாளன்று பஸ் எடுத்து ஸ்காபரோவுக்குப் போனேன். எல்சியின் கல்லின் முன்னால் இரண்டு மெழுகுதிரி கொளுத்திவிட்டு நின்றபோது வால்டர் பூக்களுடன் வந்தார்.

"ஏன் இரண்டு?" என்றார்.

அன்றைக்குத்தான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். வீசிய காற்றில் ஒரு திரி அணைந்தது. அவர் சிரமப்பட்டுக் குனிந்து, மற்றத் திரியிலிருந்து அதை ஏற்றினார். பிறகு அம்மாவின் பெயரைக் கேட்டார்.

"அன்னம்மா."

"அனாமா," என்றார். திருத்தினேன். மூன்றாம் தரம் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. அவர் தொப்பியைக் கழற்றி, என் அம்மா இல்லாத அந்த மண்ணைப் பார்த்து, இன்னொரு தரம் அந்தப் பெயரைச் சொன்னார்.