பதினாறு படிகள் இல்லாத பாலம்

ஆபீஸில் அவளுக்குப் பெயர் அளவுக்காரி. விருந்துக்குப் போனாலும் கைப்பையில் டேப் இருக்கும். நுழைகிற வீட்டு வாசற்படியைக் கண்ணாலேயே அளந்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். வெள்ளம் பழைய நடைபாலத்தை அடித்துக்கொண்டு போய் ஊரை இரண்டாகப் பிளந்தபோது, புதுப் பாலத்தை வரையும் வேலை அவளிடம் வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

ஐந்து வாரம் சோறு தண்ணி மறந்து வரைந்தாள். இனி எந்த வெள்ளமும் தொடாத உயரம். இரு கரையிலும் ஏறப் பதினாறு படிகள். ஒப்புதல் கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கையில், அட்டையில் செய்த மாதிரியை அக்காவிடம் காட்டினாள். அக்கா, மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீடு வீடாகப் போய்த் தைத்துக் கொடுப்பவள். வாடிக்கை முழுக்க அக்கரையில். வெள்ளத்துக்குப் பிறகு வண்டி கூடத்து மூலையில் நிற்கிறது.

"அழகா இருக்குடி. என் வண்டியை யாரு தூக்குவா? உன் வீட்டுக்காரரா? அவருக்குத் தண்ணிக்குடம் தூக்கினாலே இடுப்பு புடிச்சுக்கும்!"

சிரிக்க முடியவில்லை. வெள்ளத்தை அளந்தவள், காற்றை அளந்தவள், சக்கரத்தை மறந்துவிட்டாள்!

மறுநாளே ஆபீஸ் முற்றத்தில் பலகைகளைச் சாய்த்து முட்டுக் கொடுத்தாள். அக்கா வண்டியைத் தள்ளிப் பார்த்தாள்.

"மூச்சு வாங்குது. இன்னும் இறக்கு."

மூன்றாவது தடவை அக்கா ஒற்றைக் கையால் தள்ளி ஏறினாள்.

அந்தச் சரிவுக்கு முப்பது மீட்டர் வேண்டும். இக்கரையில் இடம் தாராளம். அக்கரையில் மூன்றாக மடித்தால்தான் அடங்கும்; மடித்தால் அங்கே கடை வைத்திருக்கும் ஒரு முடிதிருத்துகிறவரின் மனையில் போய் விழும். அவர் கடையில் வெள்ளம் விட்டுவைத்தது சிமென்ட் தரையும் ஒரு நாற்காலியும்தான். படகில் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எடுத்துக்கம்மா. பாலம் இல்லாம தலை ஏது எனக்கு? ஆனா சரிவுக்கு அடியில நாற்காலி போட எடம் விடணும்."

"அண்ணே, திரும்ப வெள்ளம் வந்தா?"

"நாற்காலியைத் தூக்கிட்டு மேல ஏறிடுவேன். அதான் நீ படி வைக்கலையே!"

கூட்டத்தில் படிகளை அடித்துவிட்ட வரைபடத்தை விரித்தாள். ஒப்புதல் கையோடு கிடைத்தது.

பாலம் திறந்த அன்று, அக்கா வண்டியோடு ஒரே மூச்சில் ஏறினாள். சரிவுக்கு அடியிலிருந்து கத்தரிக்கோல் சத்தம். அளவுக்காரி கைப்பிடியோரம் கண் கலங்கி நின்றாள்.

"அளவெல்லாம் சரிதான்டி," என்றாள் அக்கா, நிற்காமலே. "வழியை விடு, அந்தப் பக்கம் ஏழு ஜாக்கெட் காத்துக்கிட்டு இருக்கு."