பையில் பொட்டலம், கையில் மைக்

வேறு யாரோ ஓடி, விழுந்து, முட்டியைப் பெயர்த்துக்கொள்வதை, குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு மூச்சு வாங்கச் சொல்கிற தொழிலுக்கு விளையாட்டு வர்ணனை என்று பெயர். வாத்தியார்கள், வக்கீல்கள், ஏலத்தில் மீனைக் கூவி விற்பவர்கள் என்று வாயை நம்பிப் பிழைக்கிற அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். கை உடைந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு நாலு பேரிடம் காட்டலாம். பேச்சை யாரும் நம்பவில்லை என்றால் அதற்கு எங்கே கட்டுப் போடுவது?

நான் சென்னையில் பல வருடங்கள் கிரிக்கெட்டும் கபடியும் தமிழில் சொன்னவன். கடைசியாகச் சொன்ன தொடரின்போது, நாங்கள் தங்கியிருந்த ஓட்டலில் போலீஸ் சோதனை நடந்தது. என் ஹெட்போன் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒரு சின்னப் போதைப்பொருள் பொட்டலம் இருந்தது. அது என்னுடையது இல்லை. இதை உங்களிடம் ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். இரண்டாம் தடவை சொல்லும்போது எனக்கே பொய் மாதிரி கேட்கிறது. ஆங்கிலப் பத்திரிகைகளில் நான் 'வைத்திருந்ததாகச் சொல்லப்படும்' ஆள். தமிழ்ச் சானல்களில் நேராகவே 'சிக்கிய' ஆள். இரண்டு மொழியும் படித்ததன் பலன், இரண்டிலும் வாசித்து வருத்தப்படலாம்.

ஜாமீன் கிடைத்தது. வழக்கு முடியும்வரை ஓய்வெடுக்கும்படி சானல் சொன்னது. மகள் படிப்புக்காக மனைவி சென்னையில் இருக்க, நான் தூத்துக்குடியில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இனி யாராவது என் கையில் ஒரு மைக்கைக் கொடுப்பார்களா என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே கேள்வி.

நிசப்தம் ஆகாது

எங்கள் தொழிலில் பெரிய பாவம், பேசாமல் இருப்பது. மழை வந்து ஆட்டம் நின்றால் மேகத்தைப் பற்றிப் பேச வேண்டும். மேகமும் தீர்ந்துவிட்டால் மைதானத்தை மூடியிருக்கும் தார்ப்பாயைப் பற்றிப் பேச வேண்டும். பேச்சு நின்ற நொடியில் காதுக்குள் தயாரிப்பாளர் கத்துவார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பை உங்களோடதா?" ஆமாம் என்றேன். அவர் ஏதோ ஒரு காகிதத்தைப் புரட்ட ஆரம்பித்தார். அறையில் சத்தமே இல்லை. மற்றவர்களாக இருந்தால் சும்மா இருந்திருப்பார்கள். நான் அந்த அமைதியை நிரப்பத் தொடங்கிவிட்டேன். பையை எங்கே வாங்கினேன், எந்தெந்த ஊருக்குக் கொண்டுபோனேன், பகலெல்லாம் வர்ணனை அறையில் அது எப்படித் திறந்தே கிடக்கும், இடது பக்கம் யார், வலது பக்கம் யார், அன்றைக்குக் காற்று எந்தத் திசை... எல்லாவற்றையும் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். மறுநாள் என் வக்கீல் அதை முழுக்கப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சார், அவர் போட்டது ஒரே ஒரு பந்து. அதுக்கு நீங்க அம்பது ஓவரும் ஆடிட்டு வந்திருக்கீங்க!"

கயிற்றுக் கடை

துறைமுகம் போகிற சாலையில் அண்ணனுக்குக் கடை. கப்பலுக்கும் படகுக்கும் வேண்டிய கயிறு, கொக்கி, பெயின்ட் எல்லாம் கிடைக்கும். வீட்டில் அடைந்து கிடக்க வேண்டாம் என்று என்னையும் அங்கே உட்கார வைத்தார். என் முகம் யாருக்கும் தெரியாது. செய்தியில் காட்டிய படத்தில்கூடப் பாதி முகத்தை மைக் மறைத்திருந்தது. வாயைத் திறக்காதவரை நான் யாரோ ஓர் ஆள். கையால் சைகை காட்டியே கயிறு அளந்து கொடுக்கப் பழகிவிட்டேன்.

ஒருநாள் ஒரு தண்டல் வந்தார். சரக்குத் தோணியை ஓட்டிப் போகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் கயிறு கேட்க, நான் ஏதோ நினைப்பில், "நைலானா, மணிலாவா?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. துறைமுகம் தாண்டி, சிக்னல் அறுந்துபோகும்வரை போனைக் காதில் வைத்து என் வர்ணனையைக் கேட்பாராம். பேசிக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்தினார். செய்தியும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கியவர், திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"கடல்ல கேக்கும்போது நம்ம பக்கத்துல ஒக்காந்து பேசுத மாதிரி இருக்கும் அண்ணாச்சி. இப்ப நெசமாவே பக்கத்துல நிக்கேன், என்ன பேசன்னு தெரியல."

இருமல்

உப்புக் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போய், தொண்டை கட்டிக்கொண்டது. மருந்துக் கடையில் இருமல் மருந்து கேட்டேன். கவுன்ட்டரில் நின்ற பெண், என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டாக்டர் சீட்டு வேண்டும் என்றாள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் அதே மருந்தை, சீட்டு எதுவும் காட்டாமல், அப்போதுதான் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அவருக்கு மட்டும் எப்படிக் கொடுத்தாய் என்று கேட்டேன். அவள் குரலில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை.

"அவருக்கு இருமல் வந்திருக்கு அண்ணாச்சி. நீங்க நியூஸ்ல வந்திருக்கீங்க."

என் நாற்காலி

அடுத்த தொடர் தொடங்கியது. என் இடத்தில், நான் பழக்கிவிட்ட பையன் ஒருவன் உட்கார்ந்தான். முதல்நாள் காலையிலேயே போன் செய்து, "அண்ணே, தப்பா நினைக்காதீங்க" என்றான். எதற்கு நினைக்கப் போகிறேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லி வைத்துவிட்டு, வெகுநேரம் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் அண்ணன் எனக்காக டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் ஆட்டத்தைப் போட்டார். ஊமைப் படமாக ஓடியது. மதினி தட்டில் முறுக்கு கொண்டுவந்து வைத்தார்கள். அதைக் கடிக்கும் சத்தம்தான் அன்றைய வர்ணனை. பொறுக்க முடியாமல் நானே சத்தத்தைக் கூட்டினேன். பையனிடம் என்னுடைய இழுவை இருந்தது, என்னுடைய நிறுத்தம் இருந்தது. என்னிடம் இல்லாத ஓர் உற்சாகமும் இருந்தது. யாராவது ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று பார்த்தேன். அண்ணன் கடையில் அளவு குறைத்தும் அறியாதவர், வீட்டில் அளந்து பேசியும் அறியாதவர்.

"ஏலே, கோவிச்சுக்கிடாத. பய நல்லாத்தான் சொல்லுதான்."

பேனர்

சேவியர் என்பவர் படகு வைத்திருப்பவர், கடைக்கு வாடிக்கை. வேம்பார் போகிற வழியில் அவர் கிராமம். மாதா கோவில் திருவிழாவை ஒட்டி அங்கே கால்பந்துப் போட்டி நடக்கும். வழக்கமாக மைக் பிடிக்கிறவர் வேலைக்கு வெளிநாடு போய்விட்டார், நீங்கள் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். பொது இடத்தில் வாயே திறக்கக் கூடாது என்பது வக்கீலின் கட்டளை. யாராவது படம் பிடித்துப் போட்டுவிட்டால், சானலில் மிச்சம் இருக்கிற வாசலும் சாத்திக்கொள்ளும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வாரேன்" என்று வந்துவிட்டது.

அங்கே போய் இறங்கினால், மைதானத்து வாசலில் பெரிய பேனர். 'போதைப்பொருள் ஒழிப்பு விழிப்புணர்வு மாபெரும் கால்பந்துப் போட்டி.' கீழே, பரிசு வழங்கப்போகும் காவல்துறை அதிகாரியின் பெயர். அதற்கும் கீழே, வர்ணனை என்று போட்டு என் பெயர். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன் என்றேன். கமிட்டியிலும் இரண்டு பேர் இந்த ஆள் வேண்டாம் என்று சொன்னார்களாம். சேவியர் அதையும் மறைக்கவில்லை. என் கையைப் பிடித்து, மைக் கட்டியிருந்த மீன் லாரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"போன வருசம் மது ஒழிப்புக் கோப்பை நடத்துனோம் அண்ணாச்சி. மைக் புடிச்சவன் நிக்க முடியாம லாரியைக் கட்டிப் புடிச்சிக்கிட்டே ஃபைனல் வரைக்கும் சொன்னான். நீங்க பேசாம ஏறுங்க."

சுண்ணாம்புக் கோடு

இறுதி ஆட்டம் சேவியரின் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும். ஏறி நின்று இரண்டு வாக்கியம் சொன்னதுமே தொண்டை திறந்துகொண்டது. கூட்டம் முதலில் என்னை வேடிக்கை பார்த்தது. பிறகு என்னை மறந்து ஆட்டத்தைப் பார்த்தது. வர்ணனையாளனுக்கு அதைவிட மரியாதை கிடையாது. ஆளுக்கொரு கோல் போட்டு ஆட்டம் சமமாக நின்றது. முடியப்போகிற சமயம், உள்ளூர் அணியின் அந்தோணி தூரத்திலிருந்து ஒன்று அடித்தான். பந்து கோல் கம்பத்தின் மேல்கட்டையில் பட்டு, நேர் கீழே விழுந்து எழும்பியது. கோல்கீப்பர் அதை வாரி அணைத்துக்கொண்டார். ஊரே கோல் என்று கத்தியது. எதிர் அணி இல்லை என்று கத்தியது. சுண்ணாம்புக் கோட்டில் பாதியைக் கடற்காற்று கொண்டுபோயிருந்தது.

ரெஃப்ரி ஒரு விளையாட்டு ஆசிரியர். விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, நேராக லாரியை நோக்கி நடந்து வந்து அண்ணாந்து பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற சேவியர்தான் சொன்னார்: மைக் லாரியை எப்போதும் இந்த மூலையில், கோல் கோட்டுக்கு நேராகத்தான் நிறுத்துவார்கள், மேலே நிற்கிறவனுக்குத்தான் கோடு தெளிவாகத் தெரியும், சந்தேகம் வந்தால் அவன் சொல்லுவதுதான் தீர்ப்பு, இரண்டு அணியும் மறுபேச்சுப் பேசாது. அப்படியானால் மறுபக்கத்துக் கோல்? அது மாதா பொறுப்பு.

"அண்ணாச்சி, தெளிவாத்தான் இருக்கியளா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். சிரிப்பு அலையடித்தது. மேடையில் இருந்த போலீஸ் அதிகாரியும் குனிந்து சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. சென்னையாக இருந்தால், எதற்கும் இன்னொரு கோணத்தில் பார்த்துவிடுவோம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். மற்றவர்கள் எடுத்த முடிவை அழகாகச் சொல்வதுதான் அதுவரை என் வேலை. நானாக முடிவு சொன்னதில்லை. பையில் என்ன இருந்தது என்று என்னிடம் கேட்டவர்களில் ஒருவர்கூடப் பதிலுக்குக் காத்திருந்ததில்லை. இங்கே ஒரு மைதானமே, நான் என்ன பார்த்தேன் என்று கேட்டுவிட்டு, வாய் மூடிக் காத்திருந்தது. கோல் என்று சொன்னால் இந்த ஊர் என்னைத் தோளில் தூக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பந்தில் பாதி, கோட்டின் மேல்தான் விழுந்தது.

"பந்து முழுசா உள்ளே போகவில்லை. கோல் இல்லை" என்றேன்.

சேவியர் தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டத்தில் ஒரு மூலையிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் ரெஃப்ரி கையை விசிறினார். வீரர்கள் ஒரு வார்த்தை பேசாமல் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். அடுத்த தாக்குதலில் பக்கத்து ஊர் கோல் போட்டது. கோப்பையும் அவர்களோடு போனது.

கூட்டம் கலைந்தபிறகும் நான் லாரியிலேயே நின்றுகொண்டிருந்தேன். இறங்கத் தைரியம் இல்லை. அந்தோணி கீழே வந்து நின்றான். சட்டையெல்லாம் மணல், முகம் இறுகிப்போயிருந்தது. மணலைத் தட்டிவிட்டுக்கொண்டான். பிறகு நான் இறங்குவதற்குக் கையை நீட்டினான்.

"எனக்குக் கோவம்தான், இல்லங்கல. ஆனா கண்ணால பாத்ததத்தான் சொன்னிய. இறங்குங்க, மீன் கொழம்பு ஆறுது."

வழக்கு இன்னும் நடக்கிறது, சானலிலிருந்து அழைப்பும் வரவில்லை. நான் பொய் சொல்லமாட்டேன் என்று எனக்காகத் துணிந்து சொல்ல இப்போதைக்கு உலகத்தில் இருப்பது, நான் தோற்கடித்த அந்த ஓர் ஊர்தான்.