எஞ்சின் பழகும் வரை

ஒரு முழ நீளத் தகரம். வெள்ளை அடித்து, அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது: "எஞ்சின் புதிது. அவசரக்காரர்கள் முந்திக்கொள்ளவும்." என் மாமனார் தம் கையால் எழுதி, கம்பி போட்டுக் காரின் பின்பக்கம் கட்டியிருந்தார். எஞ்சின் வேலை முடிந்து வரும் வண்டிகளில் இப்படி ஓர் அறிவிப்பு ஒட்டுவது அந்தக் காலத்து வழக்கம். நான் வேலை பார்த்த அரசு வாகனப் பட்டறையிலிருந்து வெளியேறிய ஒவ்வொரு ஜீப்பிலும் அதை ஒட்டச் சொல்லி, ஒட்டியாயிற்று என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். எங்கள் அறிவிப்பு காகிதம். ஒரு மழைக்கு ஊறி விழுந்துவிடும். அவர் தகரத்தில் எழுதியிருந்தார். தகரத்தில் எழுதுகிறவருக்கு அதைச் சீக்கிரம் கழற்றும் உத்தேசம் இல்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

எழுபதுகளின் நடுவில் போடிநாயக்கனூரில் அப்படி ஒரு கார் இருந்தது என்றால் இன்று நம்ப மாட்டார்கள். அமெரிக்கக் கார். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கக்கூடிய பானட். ஸ்டியரிங் இடப்பக்கம். ஊர் திரும்பிய வெளிநாட்டு அதிகாரி யாரோ விட்டுப்போனதை, மலைமேல் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் ஆசைப்பட்டு வாங்கினார். சமவெளியில் பறந்த வண்டியை அவர் மலைக்கு ஏற்றினார். கொண்டைஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுமுன் ரேடியேட்டர் கொதித்தது. கொதித்தால் நிறுத்த வேண்டும் என்பது மனித இனம் அறிந்த விதி; அவர் இன்னும் அழுத்தி மிதித்தார். எஞ்சின் இறுகி நின்றது. பெட்ரோல் விலையும் அதே சமயத்தில் ஏறியதால் அவருடைய ஆசையும் அங்கேயே நின்றது. மேலே ஓட்டிப்போன வண்டி லாரியில் ஏறிக் கீழே வந்தது. அதை வாங்க ஊரில் ஒரே ஒருவர்தான் இருந்தார்: பின்னாளில் என் மாமனார் ஆனவர்.

அவருக்குக் குரங்கணிக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம், சிலமலைப் பக்கம் கொஞ்சம் வயல். தோட்டத்து ஜீப்பைத் தாமே பிரித்துத் தாமே பூட்டுகிறவர். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன; வீட்டில் அவரும் ஒரே மகளும்தான். தகப்பனும் வயதுக்கு வந்த பெண்ணும் ஒரு வீட்டில் இருந்தால் என்ன பேசிக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சோறு போட்டாயிற்றா, கதவைச் சாத்தியாயிற்றா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஏலக்காய் மூட்டை அடுக்கும் தகர ஷெட்டில் அந்தக் கார் வந்து நின்ற பிறகு பேச்சுக்குப் பஞ்சமில்லாமல் போனது. அவர் எஞ்சினுக்கு அடியில் படுத்திருப்பார். மகள் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள். கொடுத்துக்கொண்டே அத்தை வீட்டுச் சண்டை முதல் பால்காரர் தண்ணீர் கலப்பது வரை எல்லாவற்றையும் சொல்வாள். "எதுக்குண்ணே இந்த யானையக் கட்டித் தீனி போடுறே?" என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "வீட்டுல ஒரு சோலி வேணும்ல."

உத்தமபாளையத்திலிருந்து நான் பெண் பார்க்கப் போனபோது காபித் தம்ளரை நீட்டிய விரல்களின் நகக்கண்களில் கறுப்பு இருந்தது. வால்வுகளை அவற்றின் இருக்கையில் பசை தடவித் தேய்த்துத் தேய்த்து உட்கார வைப்பது ஒரு பொறுமையான வேலை. அந்தப் பசையின் கறை எலுமிச்சம்பழம் போட்டாலும் லேசில் போகாது. எங்கள் பட்டறையில் அந்த வேலையைச் செய்யச் சொன்னால் ஆட்களுக்கு உடனே வயிற்றுவலி வந்துவிடும். நான் அந்த விரல்களைப் பார்த்ததை அவள் பார்த்தாள். "பதினாறு வால்வு. எல்லாம் நான் தேச்சதுதான். ஒண்ணுலகூடக் கசிவு இருக்காது," என்றாள். என் அம்மா என்னைப் பார்த்தாள். நான் சம்மதம் என்றேன்.

சம்மதம் சொல்லியும் தேதி வைப்பது இழுத்துக்கொண்டே போனது. "வேல முடியட்டும் மாப்ளே. இந்த வண்டியிலதான் புள்ளைய அனுப்புவேன்," என்று மாமனார் சொல்லிவிட்டார். மதுரையில் சிலிண்டர் கடைந்து வந்தது. புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் ஏறின. எஞ்சினும் உள்ளே இறங்கியது. ஜவுளி எடுக்கும் விஷயமாகப் பேச ஒரு நாள் போடிக்குப் போனவன் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எந்த முறைப்படி பார்த்தாலும் வேலை முடிந்திருந்தது. எண்ணெய், தண்ணீர், பெல்ட், டைமிங் எல்லாம் சரி. அவர் மட்டும் குனிந்து, ஏற்கனவே இறுகியிருந்த ஒரு போல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பு, அந்தப் போல்ட்டையே எத்தன தடவ இறுக்குவீங்க? அது என்ன எந்திரிச்சா ஓடப்போகுது?" என்றாள் மகள்.

"இருத்தா. வெரசா முடிச்சு என்னத்தச் செய்யப்போறோம்?"

"நீங்க முடிச்சாத்தான நான் போயி உத்தமபாளையத்துல வெங்காயம் உரிக்க முடியும்? சாவியப் போடுங்க."

அவர் நிமிரவில்லை. அவளே சுற்றிக்கொண்டு போய் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இரண்டு முறை இருமிவிட்டு அந்த எஞ்சின் உயிர் பெற்றது. ஷெட்டுக் கூரை அதிர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த ஏலக்காய்ச் சல்லடைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அடுத்த வீட்டுக் கோழிகள் கூரைக்கு ஏறின. எட்டில் ஒரு சிலிண்டர்கூடத் தாளம் தப்பவில்லை. அத்தனை மாதம் அவர்கள் காத்திருந்த சத்தம் அது. மாமனார் எங்கள் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, பஞ்சுக் கழிவில் கையைத் துடைத்தார். சுத்தமான பிறகும் துடைத்தார். பிறகு, "ஓடுதுல்லத்தா?" என்றார். அதில் சந்தோஷம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது.

ஆவணியில் கல்யாணம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் உத்தமபாளையத்துக்கு அனுப்பும் நாளில் மாமனார் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். முன் இருக்கையில் அவர் பக்கத்தில் மகள். "மாப்ளே, பின்னாடி தாராளமா ஒக்காருங்க," என்று எனக்கு வழிகாட்டினார். என் கல்யாண ஊர்வலத்தை நான் இரண்டு பித்தளைக் குடங்களுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து பார்த்தேன்.

கடைந்து புதிதாக்கிய எஞ்சினை முதல் ஆயிரம் மைலுக்கு விரட்டக் கூடாது. அதைத்தான் ரன்னிங் இன் என்பார்கள். அதற்காக ஊர்ந்தும் போகக் கூடாது. புது ரிங் சிலிண்டரோடு பழக வேண்டுமானால் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். இது பாதி விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியாத மீதிப் பாதி. மாமனாரின் வண்டியில் முள் இருபது மைலைத் தொடவேயில்லை. சைக்கிளில் வந்த ஒருவர் பின்னாலிருந்த தகரத்தைச் சத்தமாக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "எனக்கு அவசரமில்ல மாமா, ஆனாலும் முந்த வேண்டியதா இருக்கே!" என்று சொல்லிக்கொண்டே கடந்து போனார். சிலமலை டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் வலப்பக்க இருக்கையில் என் மனைவியைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தானே ஓட்டுகிறவர்?

"ஏப்பா, கல்யாணப் பொண்ணு வண்டி ஓட்டிட்டுப் போகுது! அதுவும் கையக் கட்டிக்கிட்டு!"

"பிரேக்கும் இல்ல பெரியப்பா, ஒதுங்கிக்கங்க!" என்று இவள் கத்தினாள்.

மாமனார் சிரித்தார். அதற்குப் பிறகு தேவாரம், கோம்பை என்று ஊர்கள் மெதுவாகப் போயின. இந்த வேகம் எஞ்சினுக்கு நல்லதல்ல என்று சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. குடங்களைப் பிடித்துக்கொண்டு பேசாமல் வந்தேன்.

பெண் கொடுத்த வீட்டில் காரணமில்லாமல் போய் நிற்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. அதிலும் மாமனாரின் அக்கா, "தீவாளிக்குக் கூப்புட்டாப் போ, பொங்கலுக்குச் சீரு கொண்டுட்டுப் போ. சும்மாச் சும்மா போயி நின்னா அந்தப் புள்ளைக்குத்தான் எளக்காரம்," என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமனார் அந்தக் கட்டுப்பாட்டை மீறவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வாசலில் அந்த எட்டு சிலிண்டர் சத்தம் கேட்கும். "வண்டியப் பழக்கணும்ல மாப்ளே. ஏதாவது ஒரு பக்கம் ஓட்டித்தான ஆகணும்? அதான் இப்பிடி வந்தேன்," என்பார். கிழக்கே தேனி, மதுரை என்று நல்ல சாலை இருந்தது. அந்த எஞ்சின் மட்டும் தெற்கே உத்தமபாளையம் சாலையில்தான் பழகுமாம்.

வீட்டுக்குள் வர மாட்டார். எஞ்சின் ஆற வேண்டும் என்பார். பானட்டைத் தூக்கி நிறுத்துவார். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். இரண்டு தலைகளும் பானட்டுக்கு அடியில் போய்விடும். வெளியே இரண்டு முதுகுகள்தான் தெரியும். தண்ணீர் கொடுக்கப் போகிற சாக்கில் நான் ஒருமுறை காது கொடுத்தேன். குரங்கணிப் பாதையில் மண் சரிந்து ஜீப்பு நின்றது, இந்த வருடக் காய் பருமனாக இருப்பது, அவர் வைத்த குழம்பு தீய்ந்தது, இவள் வைத்த ரசத்துக்கு மாமியார் முகம் சுளித்தது. கார்புரேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"வாராவாரம் தொறந்து பாக்குறாரே, அந்த வண்டிக்கு அப்பிடி என்னடா வியாதி?" என்று அம்மா கேட்டாள். நான் ரன்னிங் இன் என்றால் என்ன என்று முறைப்படி விளக்கினேன். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ படிச்சதெல்லாம் தண்டம்டா," என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே வாசலுக்குப் போய், "எஞ்சின் ஆறுற நேரத்துல சோறும் ஆறிப்போகும், உள்ள வாங்கண்ணே," என்று கூப்பிட்டாள். அன்றுதான் அவர் முதல் முறையாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

மாசி பிறந்திருந்தது. ஒரு ஞாயிறு மாமனார் பானட்டைத் திறக்கவில்லை. மைல் காட்டும் முள்ளுக்குக் கீழிருந்த எண்களை என்னிடம் காட்டினார். "இன்னைக்குத் திரும்பிப் போனா ஆயிரம் ஆயிரும் மாப்ளே. சோலி முடிஞ்சது. இனி எண்ணெய மாத்திட்டு ஷெட்டுல விட்டுற வேண்டியதுதான்," என்றார். சாதாரணமாகச் சொல்ல முயன்றார். என் மனைவி அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அலுவலகத்தில் ஒரு சொட்டு எண்ணெய்க்குக்கூட விதி காட்டாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஓட்டுநர்கள் எனக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. அப்படிப்பட்டவன், "ஆயிரம் மைலுங்கிறது சின்ன எஞ்சினுக்குச் சொன்னது மாமா. எட்டு சிலிண்டருக்குப் பத்தாது," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வண்டியின் கையேட்டை அவர் என்னைவிட அதிகமாகப் படித்திருந்தார். "புத்தகத்துல அப்பிடிப் போடலையே மாப்ளே?"

"அது பழைய புத்தகம். இப்பத் திருத்தியிருக்காங்க."

"எம்புட்டு தூரம்னு திருத்தியிருக்காங்க?"

இதற்கு நான் தயாராக வந்திருக்கவில்லை. "அது எஞ்சின் சத்தத்தப் பொறுத்தது. வாராவாரம் நான் கேட்டுப் பாத்துத்தான் சொல்லணும்," என்றேன்.

அவர் காரின் முன்பக்கம் போனார். பிறகு பானட்டைத் தூக்கி நிறுத்தினார். "ஏ ஆத்தா, வெளிய வா," என்று கூப்பிட்டார். "சர்க்காரு ஆளு சொல்றாரு, இன்னும் பழகலையாம்."

அதன்பின் எத்தனை ஆண்டு அந்த எஞ்சின் பழகியது என்று எனக்குக் கணக்கில்லை. எங்களுக்கு மகள் பிறந்தாள். அவளும் பானட்டுக்கு அடியில் தலை நீட்டும் உயரத்துக்கு வளர்ந்தாள். எண்பதுகளின் நடுவில் அவருக்கு முழங்கால் மடங்காமல் போய் கிளட்சை மிதிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு பஸ்சில் வந்தார். "வண்டி ஷெட்டுலதான் நிக்கிது மாப்ளே. ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன், ஒரு சத்தம் வருது. ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்," என்று சொல்லிவிட்டு அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார். ஒவ்வொரு வாரமும் வேறு சத்தம். நானும் மனைவியும் கண்ணை மூடிக் கவனமாகக் கேட்போம். "தண்ணி பம்பு பேரிங்கா இருக்கும் அப்பு," என்பாள் அவள். "அடுத்த வாரம் வந்து சொல்லுங்க, கூடியிருக்கா கொறஞ்சிருக்கான்னு."

அவர் காலமான பிறகு கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் காரை வாங்கிப் போனார். ஷெட்டிலிருந்து நேராக ஓட்டிக்கொண்டு போனார். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை.

இப்போது என் மகள் கடல் கடந்து இருக்கிறாள். நான் ஓய்வூதியக்காரன், இன்னும் சாகவில்லை என்று ஆண்டுக்கு ஒரு முறை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டியவன். அதைச் செல்போனிலேயே செய்துவிடலாம். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வூதியர்கள் எல்லோருக்கும் நான்தான் செய்து கொடுக்கிறேன். போன வாரம் மகளைக் கூப்பிட்டு, எங்கே அழுத்த வேண்டும், எந்தப் பக்கம் முகத்தைக் காட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவளுக்கு அங்கே வேலைக்குக் கிளம்பும் நேரம். பொறுமையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல, போன மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, புது வீட்டில் தண்ணீர் ஒழுகுவது எல்லாம் வந்தன. கடைசியில், பதிவாகிவிட்டது என்று திரை காட்டியது. அதற்குமேல் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை.

"அப்ப முடிஞ்சதாம்மா?" என்றேன்.

அங்கே அவள் சாவிக்கொத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "இல்லப்பா," என்றாள். "ஏத்துக்கிட்டாங்களான்னு அடுத்த வாரம் ஒரு தடவ பாக்கணும். நீங்களாப் பாத்தாச் சரியா வராது. எனக்குக் கூப்புடுங்க."

அப்படி ஒரு நடைமுறை எங்கும் இல்லை. சரிம்மா என்றேன்.