எனக்காக அவர் குடிகாரரானார்

ஓசூரில் காய்கறிக்காரம்மா என்னிடம் முதலில் தெலுங்கில் பேசுவாள். நான் விழித்தால் கன்னடம். அதற்கும் விழித்தால்தான் தமிழ். என் தூத்துக்குடிப் பக்கத்துத் தமிழைக் கேட்டதும், "நீங்க எந்தூருங்க?" என்று சிரிப்பாள். நான் கடல் கடந்து போனவள் அல்ல. இதே மாநிலத்தின் இன்னொரு மூலைக்கு வந்தவள். ஆனாலும் இங்கே வந்த பிறகு, வாயைத் திறக்கும் முன் ஒரு நொடி தயங்குகிறவளாகிவிட்டேன். அந்தத் தயக்கத்துக்கு என் கணவர் கொடுக்க நேர்ந்த விலையைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் குடி என்பது ஆண்களின் சமாச்சாரம். பொழுது சாய்ந்தால் பெண்கள் அப்பனையும் அண்ணனையும் தேடிப் போவோம். கைத்தாங்கலாகக் கூட்டி வருவோம். குடிக்கிற பெண் என்று ஒருத்தியை நான் பார்த்ததில்லை. இங்கே கம்பெனியில் ஷிஃப்ட் மாறி மாறி வந்ததில் எனக்குத் தூக்கம் போயிற்று. கூட வேலை செய்த ஒருத்தி குளிர்பானத்தில் பிராந்தி கலந்து கொடுத்தாள். தூக்கம் வந்தது. பிறகு, எழுந்து வேலைக்குப் போவதற்கும் அது வேண்டியிருந்தது. கை நடுங்கி, ஒரு ஸ்க்ரூவைக்கூடப் பொருத்த முடியாமல் நான் அசெம்ப்ளி லைனில் நின்ற அன்று, என் கணவர் சுடலைமுத்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வைத்தியம் பார்த்த டாக்டர், "மாத்திரை மட்டும் போதாதும்மா. குடிய விட்டவங்க கூடுற கூட்டம் ஒண்ணு நடக்குது. போங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்துகிறவர் நேராக என் கணவரிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க! வூட்டம்மாவையும் கூட்டினு வந்துட்டீங்க. ரொம்ப நல்லதுங்க."

சாராய வாடைக்கே குமட்டுகிறவர் என் கணவர். "இல்ல..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமா சார். நாந்தான்" என்றார்.

வெளியே வந்ததும், "ஏன் அப்படிச் சொன்னிய?" என்று அழுதேன்.

"நீ உள்ள இருந்து கேக்கணும்லா? அதுக்குத்தான வந்தோம்."

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் எழுந்து நின்று, என் நோயைத் தன்னுடையதாகச் சொன்னார். ஒருநாள், "பாட்டில அரிசி டப்பாக்குள்ள ஒளிச்சு வைப்பேன் சார்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இடம் அவருக்குத் தெரியாது என்றே நான் நினைத்திருந்தேன். சுற்றிலும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த முறை போனபோது, என் கணவருடைய கம்பெனி சூப்பர்வைசரும் அங்கே உட்கார்ந்திருந்தார். அங்கே பேசியது வெளியே போகக்கூடாது என்பார்கள். ஆனால் அந்த வாரமே, ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரை அதிலிருந்து இறக்கி, பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். குடிக்கிற ஆளை வண்டியில் ஏற்ற முடியாதாம். "வேலதான, எங்க பார்த்தா என்ன?" என்று அவர் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார். அவர் கை கழுவப் போனதும் என் கை தானாக அரிசி டப்பாவுக்குள் போய்த் துழாவியது. வெறும் அரிசிதான் இருந்தது. இருந்திருந்தால் குடித்திருப்பேன்.

அந்த ஞாயிறு அவர் பேச எழும் முன் நான் எழுந்துவிட்டேன்.

"குடிக்கிறது இவுக இல்ல. நான்."

யாரோ சிரித்தார்கள். நடத்துகிறவர் பதறிப்போய், "அம்மா, புருசன் வேலயக் காப்பாத்தணும்னு இப்பிடி உங்க மேல போட்டுக்கக் கூடாதுங்க" என்றார்.

பொய்யை நம்பியவர்கள் உண்மையை நம்பவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினேன். அவை தறிகெட்டு நடுங்கின. "பாத்துக்கிடுங்க" என்றேன். சிரிப்பு நின்றது. இம்முறை யாரும் கைதட்டவில்லை. என் பெஞ்சில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். சூப்பர்வைசர் மட்டும் என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் நடத்துகிறவர் வாசல்வரை வந்தார். குரலைத் தாழ்த்தி, "இங்க உங்களுக்குச் சரிப்படாதுங்கம்மா. அத்திப்பள்ளில லேடீஸ்க்குன்னு ஒண்ணு நடக்குது. கன்னடத்துலதான் பேசுவாங்க, பரவால்லயா?" என்றார். சில நாளில் என் கணவர் மறுபடி ஃபோர்க்லிஃப்டில் ஏறினார். யாரும் காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அத்திப்பள்ளி, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கினால் வரிசையாக மதுக்கடைகள். பட்டப்பகலிலேயே வாடை முகத்தில் அடித்தது. என் கணவர் கடைகளின் பக்கம் தான் நடந்து, என்னை மறுபக்கம் விட்டுக்கொண்டார். கூட்டம் நடக்கிற வீட்டு வாசலோடு அவர் நின்றுவிட, நான் மட்டும் உள்ளே போனேன். நரைத்த தலையுடைய ஒரு பெண் கையில் டம்ளரைத் திணித்து, "குடியம்மா, குடி" என்றாள். நான் பின்வாங்கினேன். டம்ளரில் டீ. அவளுக்குப் புரிந்துவிட்டது. அறை முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன்.

"ஹேளம்மா. தமிழல்லே ஹேளு" என்றாள். சொல்லு, தமிழிலேயே சொல்லு.

சொன்னேன். அவர்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் யாரும் தள்ளி உட்காரவில்லை.

வெளியே வந்தபோது ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். "எங்கம்மா நிக்க? ஒரே வண்டிச் சத்தமா கேக்கு."

என் ஒவ்வொரு சொல்லும் முழுதாகப் புரிகிறவள் அவள் ஒருத்திதான். கன்னட போர்டு போட்ட பஸ்கள் ஒரு பக்கமும் தமிழ் போர்டு போட்டவை மறுபக்கமும் போய்க்கொண்டிருந்தன.

"கம்பெனிக்கு ஓவர்டைம் வந்தேன்மா" என்றேன்.