மரப் பேட்டன்

என் இடது உள்ளங்கை இன்றைக்கும் காந்துகிறது, சுண்ணாம்பு பட்ட மாதிரி. டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தோலில் ஒன்றுமில்லை என்றார். தோலில் இல்லைதான். கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். இது நடந்தது. நான் பதினோராம் வகுப்பு படிக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, மாலை ஆறு நாற்பதுக்கு.

எங்கள் பள்ளியின் தொடர் ஓட்ட அணியில் நாலு பேர். மூன்றாவது ஆளுக்குப் போட்டி போட்டது நானும் வத்தலும். எலும்பும் தோலுமாக இருப்பான், அதனால் வத்தல். வெறுங்காலோடு ஓடியே என்னை முந்துவான். ஓட்டத்தில் கைமாற்றுகிற கட்டைதான் பேட்டன்; பள்ளியில் கழித்துப்போட்ட பழைய மரப் பேட்டனை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகுவான். தன் முறைக்காக நிற்கும்போது அதன் முனையைக் கடித்துக்கொண்டே நிற்பான். அணியில் இடம் கிடைத்தால் விடுதியில் சோறும் படுக்கையும் இலவசம். கிடைக்காவிட்டால் நான் அப்பாவோடு மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான்.

இரண்டாவதாக ஓடுகிறவன் கேப்டன். என் உயிர்த் தோழன். "அவன் உள்ள வந்தா நீ வெளிய மச்சான்" என்று சொல்லி, பேதி மாத்திரை ஒரு அட்டை கொடுத்தான். தேர்வு ஓட்டத்தன்று அதைப் பொடித்து வத்தலின் தண்ணீர் பாட்டிலில் கலந்தேன். அட்டை முழுக்க.

பாதி ஓட்டத்தில் அவன் கால்சட்டை நனைந்தது. தொடை வழியே ஒழுகியது. மைதானமே சிரித்தது. கேப்டன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "டேய், வண்டியில ஆயில் லீக்குடா!" என்று கத்தினான். நானும் சிரித்தேன்.

வத்தல் குழாயடியில் கழுவிவிட்டு நேராக என்னிடம் வந்தான்.

"தண்ணி கசந்துச்சுடா. நான் பி.டி. மாஸ்டர்கிட்ட சொல்லல. நீயே சொல்லு."

நான் சொல்லவில்லை. அது திங்கட்கிழமை. அப்புறம் அவன் பள்ளிக்கு வரவில்லை. இடம் எனக்கு வந்தது.

வியாழன் மாலை மைதானத்தில் நானும் கேப்டனும் மட்டும். பேட்டன் கைமாற்றுகிற பயிற்சி. வாங்குகிறவன் திரும்பிப் பார்க்கவே கூடாது. பின்னால் வருகிறவன் "கை!" என்றதும் ஓடிக்கொண்டே கையைப் பின்னால் நீட்ட வேண்டும். திரும்பினால் ஐந்து சுற்று தண்டனை. கழுத்து என்று ஒன்று இருப்பதே மறந்துபோகிற அளவுக்கு மாஸ்டர் பழக்கியிருந்தார்.

ஆறு முப்பது. முதல் தடவை சரியாக வந்தது. பின்னால் ஆணி வைத்த ஷூ, சரக் சரக். கையில் அலுமினியப் பேட்டன், ஜில்லென்று.

ஆறு முப்பத்தைந்து. இரண்டாவது தடவையும் சரிதான். ஆனால் ஒரு நாற்றம். என் சித்தப்பா சாக்கடை அள்ளுகிறவர். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துகிற வீட்டில் நான் பிறக்கவில்லை. இது வேறு...

ஆறு நாற்பது. கோட்டில் நின்றேன். பின்னால் காலடி.

சரக் சரக் இல்லை.

சளப்... சளப்... சளப்...

வெறுங்கால். ஈரக்கால்.

ஓட ஆரம்பித்தேன். பழக்கம்.

"கை!"

கம்மிப்போன குரல். நீட்டினேன். அதுவும் பழக்கம்.

கையில் வந்து விழுந்தது அலுமினியம் இல்லை... மரம். ஊறின மரம். வழவழவென்று, வெதுவெதுப்பாக. விரலிடுக்கில் ஏதோ ஒழுகியது.

திரும்பவில்லை. ஓடினேன்.

சளப்... சளப்... கூடவே வந்தது. பிடரியில் மூச்சு.

எதிரே குழாயடி. அங்கே ஒருவன் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான்.

கேப்டன்.

அவன் கையில் அலுமினியப் பேட்டன்.

"டேய்... உன் பின்னாடி யாருடா?"

கையில் இருந்ததை உதறினேன். குனிந்து பார்த்தோம். மரப் பேட்டன். ஒரு முனை முழுக்கப் பல் தடம்.

கேப்டன் அங்கேயே வாந்தி எடுத்தான். நான் சோப்புப் போட்டு ஏழு தடவை கை கழுவினேன். திரும்பிப் பார்த்தால் பேட்டன் இல்லை. கிடந்த இடத்தில் ஈரம் மட்டும்.

வெள்ளிக்கிழமை காலை மாஸ்டர் சொன்னார். பேதி நிற்காமல், உடம்பில் தண்ணீர் வற்றி, புதன்கிழமை விடியும்போதே வத்தல் போய்விட்டானாம்.

அவன் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா தையல் மெஷினில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். இடது கையை.

"அந்தக் கட்டைய விடவே மாட்டேன்னான்பா. முந்தாநாள் சாயங்காலம் அவன் கையிலயே குடுத்துப் பொதைச்சோம்."

முந்தாநாள் என்றால் புதன். நான் அதை வாங்கியது வியாழன்.

"அப்படி என்னத்தக் குடிச்சான்னு உனக்காவது தெரியுமாப்பா?"

"தெரியாதும்மா."

தெருவுக்கு வந்ததும் கேப்டன் மூச்சு விட்டான். "நல்லவேளை மச்சான், தப்பிச்சோம்." சனிக்கிழமை ஓடினோம். ஜெயித்தோம். அன்று ராத்திரி அவன் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டே தூங்கினான். பக்கத்துப் படுக்கையில் நான் கையை முகர்ந்துகொண்டு கிடந்தேன்.

இருபது வருஷம் ஆகிவிட்டது. அந்த அம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கு நான் ஒரு பதில் பாக்கி: பாட்டிலில் கலந்தது நான்தான். இன்னும் கொடுக்கவில்லை.